மறுசுழற்சி விகிதம்: பொருளுக்குப் பொருள் கணக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி அமைப்புகளின் அறிக்கைகளிலும் அவற்றை ஒட்டி வரும் செய்திகளிலும் "நகரின் குப்பையில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்யப்படுகிறது" என்று ஒரே ஒரு எண்தான் வருகிறது. எந்தப் பொருள் எவ்வளவு மீள்கிறது, எந்த இடத்தில் எடை போட்டார்கள், ஆலை திருப்பி அனுப்பியதைக் கழித்தார்களா என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. அந்த விவரம் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நகராட்சி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கவே முடியாது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

முதலில் தேசிய அளவுக் கணக்கையே பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கைப்படி நாட்டில் நாளொன்றுக்கு உருவாகும் திடக்கழிவு 1,60,038.9 டன். சேகரிக்கப்படுவது 1,52,749.5 டன். 'பதப்படுத்தப்படுவது' 79,956.3 டன். கிடங்கில் கொட்டப்படுவது 29,427.2 டன். பதப்படுத்தியதையும் கொட்டியதையும் கூட்டி மொத்தத்திலிருந்து கழித்தால் நாளுக்கு 50,000 டன்னுக்கு மேல் கணக்கிலேயே இல்லை, மொத்தத்தில் 31.7 சதவீதம். இதில் 'பதப்படுத்தல்' என்ற சொல்லுக்குள் உரமாக்கியது, எரிவாயு எடுத்தது, எரிபொருளாக அனுப்பியது, மறுசுழற்சிக்கு விற்றது எல்லாமே அடங்கும். சரிபாதி பதப்படுத்தப்படுகிறது என்பதைப் பாதி மறுசுழற்சியாகிறது என்று படிப்பவர்கள் நிறைய. அப்படிப் படிப்பது தவறு.

பொருள்வாரிக் கணக்கு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2018-ஆம் ஆண்டுப் பட்டியல் நல்ல சான்று. நகரக் கழிவில் மறுசுழற்சியும் உரமாக்கலும் சேர்ந்து 32.1 சதவீதம் என்பது அங்கே மொத்தக் கணக்கு. பிரித்துப் பார்த்தால் ஈய-அமில பேட்டரி 99 சதவீதம், அட்டைப்பெட்டி 96.5, எஃகு டின் 70.9, அலுமினியப் பான டின் 50.4, கண்ணாடிப் பாட்டிலும் ஜாடியும் 31.3, தண்ணீரும் குளிர்பானமும் வரும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் 29.1, பிளாஸ்டிக் அனைத்தும் சேர்த்து 8.7. கண்ணாடியையும் பெட் பாட்டிலையும் விட்டால் 32 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருள் இவற்றில் இல்லை. அட்டைக்கு இனிச் செய்ய அதிகமில்லை. பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய எல்லாமே பாக்கி. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதே மறைந்துவிடும்.

பேட்டரி ஏன் 99? வண்டிக்குப் புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. வாங்குகிற இடமும் திருப்பிக் கொடுக்கிற இடமும் ஒன்றே. இந்த மூன்றும் பொருந்துகிற பொருள் எந்த ஊரிலும் குப்பைத் தொட்டிக்கு வராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: திரும்பி வந்த பேட்டரியை அனுமதி இல்லாத கொட்டகையில் வைத்து உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றி உருக்கினாலும் கணக்கில் அது மறுசுழற்சிதான். உயர்ந்த விகிதம் என்பதாலேயே அது நல்ல மறுசுழற்சி ஆகிவிடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பதிவு பெற்ற இடத்தில்தான் இது நடக்க வேண்டும் என்கின்றன. எங்கே உருகியது என்பதும் கணக்கோடு வர வேண்டும்.

விலை மட்டும் இருந்தால் போதுமா என்றால் அதற்கும் பதில் அந்த அமெரிக்கப் பட்டியலிலேயே இருக்கிறது. அலுமினியத்தை உருக்கி மீட்டால், தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சம். அவ்வளவு மதிப்புள்ள டின்னிலும் அங்கே பாதி குப்பைக்குப் போகிறது. பாட்டில், டின்னுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் சட்டம் 50 மாநிலங்களில் 10-ல்தான் இருக்கிறது. நம் ஊரில் தெருவில் ஒரு டின் கிடந்தால் அன்றே யாராவது எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கைகளுக்குப் பின்னால் காயலான் கடை இருக்கிறது. அந்தக் கடையின் எடை நகராட்சிப் பேரேட்டில் ஏறுவதே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கணக்குக்கே உரிய சிக்கல் வருகிறது. உங்கள் நாளிதழ் வீட்டு மூலையில் அடுக்கப்பட்டு, மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து ஆலைக்குப் போகிறது. தூய்மைப் பணியாளரின் வண்டியை அது பார்ப்பதே இல்லை. ஆகவே வண்டியில் வந்த குப்பையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நன்றாக மீளும் பொருளெல்லாம் விட்டுப்போய் விகிதம் குறைவாகத் தெரியும். கடைக்காரர்களின் எடையையும் சேர்த்தால் நகராட்சி ஒரு துரும்பையும் அசைக்காமலேயே விகிதம் ஏறிவிடும். தள்ளுவண்டிக்காரர் கடைக்கு விற்றார், கடை மொத்த வியாபாரிக்கு விற்றது, அவர் ஆலைக்கு விற்றார் என்று ஒரே டன்னை மூன்று முறை எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரே வழி: ஆலை வாசலில் ஒருமுறை மட்டும் எண்ணுங்கள், நகராட்சி வழி வந்தது, கடை வழி வந்தது என்று இரண்டு வரியாகப் போடுங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். உருக்கி உருக்கி எத்தனை முறை வார்த்தாலும் தரம் குறையாத பொருள் அது. உலையில் போடும் கலவையில் ஒவ்வொரு 10 சதவீதம் பழைய உடைசலுக்கும் எரிபொருள் சுமார் 2.5 முதல் 3 சதவீதம் குறைகிறது. ஆனாலும் விகிதம் ஏறாததற்கு எடையும் விலையும் காரணம். கனம் அதிகம், கிலோவுக்குக் கிடைப்பது சொற்பம், உடைந்தால் கையைக் கிழிக்கும். உலை தொலைவில் இருந்தால் லாரி வாடகையே சரக்கின் விலையைத் தின்றுவிடும். அதனால் கடைக்காரரே வாங்கத் தயங்குகிறார்.

உடைந்த சில்லில் கலப்படம்தான் பெரிய தொல்லை. பீங்கான் தட்டின் நகக்கண் அளவுத் துண்டு ஒன்று கண்ணாடி உலையின் சுமார் 1,500 டிகிரி சூட்டிலும் முழுதாக உருகாது. புதுப் பாட்டிலின் சுவரில் கல்லாக நிற்கும். பானத்தை நிரப்பி அழுத்தம் ஏற்றும்போது அந்தக் கல்லைச் சுற்றித்தான் விரிசல் விடும். அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரமும் அப்படித்தான். வேறு வெப்பத்தில் இளகுவது. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, டியூப் லைட் எதையும் பாட்டிலோடு சேர்க்கக் கூடாது. வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரிக்காமல் உடைத்துவிட்டால் வெள்ளைப் பாட்டிலுக்கு அது ஆகாது. எனவே பாட்டிலை உடைக்காமல் பிரிப்பு மேடை வரை கொண்டுவருவது முக்கியம். குப்பையை அழுத்திச் சுருக்கும் கம்பாக்டர் லாரியில் கண்ணாடி ஏறினால் அதோடு அந்தக் கண்ணாடி போயிற்று. போதாததற்கு மக்கும் குப்பையிலும் சில்லு கலந்து உரத்தையும் கெடுக்கும்.

காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற டாஸ்மாக் திட்டம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழித்ததுதான் வழக்கின் அடிப்படை. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. பேட்டரிக்குச் சொன்ன அதே சூத்திரம்தான் இதுவும்: வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம், கொடுத்தால் கையில் காசு. விற்பனையாளர் ஒட்டுவில்லையைச் சரிபார்த்து, பெட்டியில் நிறுத்தி வைக்க இடம் வேண்டும். கடையின் பின்புறம் சாக்கில் கொட்டி வைத்தால் பாதி உடைந்துவிடும். இடமும் ஆளும் கொடுக்காமல் திட்டத்தை மட்டும் கொடுத்தால் கடை ஊழியர்தான் அவதிப்படுவார்.

இதில் கணக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. கோலி சோடா பாட்டில் போல் கழுவி மறுபடி நிரப்பப்படும் பாட்டில் மறுபயன்பாடு. அது குப்பையாவதே இல்லை. மறுசுழற்சி விகிதத்தின் மேலேயும் வராது, கீழேயும் வராது. நல்ல பாட்டிலெல்லாம் மறுபயன்பாட்டுக்குப் போய் உடைந்தது மட்டும் குப்பைக்கு வந்தால் கண்ணாடியின் மறுசுழற்சி விகிதம் முன்பைவிடக் குறைந்துகூடத் தெரியலாம். உண்மையில் நிலைமை மேம்பட்டிருக்கும். ஆகவே திரும்பி வந்த பாட்டில்களின் எண்ணிக்கையைத் தனி வரியில் போட வேண்டும்.

பிளாஸ்டிக் என்ற ஒரே சொல்லில் ஏழெட்டுப் பொருள்களை அடைத்து வைத்திருக்கிறோம். பாலிதீன் கவர் சுமார் 110 டிகிரியில் உருகும். பாலிபுரோப்பிலீன் 160-க்கு மேல் வேண்டும். பெட் 250-ஐத் தாண்ட வேண்டும். ஒன்று உருகும் சூட்டில் இன்னொன்று கல்லாய் நிற்கும், அல்லது முன்னது கருகிவிடும். அதனால்தான் 'கலந்த பிளாஸ்டிக்' என்று ஒரு மூட்டை வந்தால் யாரும் வாங்குவதில்லை.

பெட் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். பேல், அதாவது அழுத்திக் கட்டிய பொதியாக வந்ததைப் பிரித்து, வெள்ளை, பச்சை, மற்ற நிறம் என்று ஒதுக்கி, செதிலாக அரைத்து, 80-90 டிகிரி வெந்நீரில் காஸ்டிக் சோடா கரைத்துக் கழுவுகிறார்கள். லேபிள் பசையும் எண்ணெயும் அதில்தான் போகும். பிறகு தண்ணீர்த் தொட்டி. பெட்டின் அடர்த்தி 1.38, மூழ்கும். மூடி பாலிபுரோப்பிலீன் 0.90 அல்லது கனமான பாலிதீன் 0.95, மிதக்கும். மூடியை நீக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம், தொட்டியே பிரித்துத் தரும். ஆபத்து பி.வி.சி. என்ற, குழாய் செய்யும் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. சில பாட்டில்களைச் சுற்றி இறுக்கமாகச் சுருங்கியிருக்கும் உறை பி.வி.சி.யாக இருக்கலாம். அதன் அடர்த்தியும் 1.3-க்கு மேல், பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். உருக்கும்போது அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பி பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். சரக்கு மஞ்சளாகும், கறுப்புப் புள்ளி விழும், நூல் இழுக்கும்போது அறுந்து அறுந்து போகும். பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருந்தாலே நல்ல ஆலை வாங்காது. ஒரு டன்னில் 50 கிராம் என்று நினைத்துப் பாருங்கள்.

சந்தேகமான உறையைச் சோதிக்க எளிய வழி உண்டு. செம்புக் கம்பியின் முனையைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, உறையில் தொட்டு, ஒட்டிய துளியோடு மறுபடி சுடரில் காட்டினால் பி.வி.சி. பச்சையாக எரியும். மிகச் சிறு துண்டில், திறந்த வெளியில், புகையை மூச்சில் இழுக்காமல் செய்ய வேண்டும். பிரிப்பு மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் செய்தால் போதும்.

கழுவிய செதிலை உருக்கும் முன் 160-170 டிகிரிச் சூடான காற்றில் பல மணி நேரம் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் தண்ணீரே சங்கிலியை அறுக்கும். இத்தனையும் கடந்து 100 கிலோ பேலில் 70-75 கிலோ செதில் கிடைத்தால் அது நல்ல பேல். மீதி மூடி, லேபிள், அழுக்கு, பாட்டிலில் மிச்சமிருந்த பானம், தூள். மிச்சத் தண்ணீரோடு மூடியிறுக்கி வருகிற பாட்டில்தான் எடையில் பெரிய பொய். வீட்டில் செய்ய வேண்டியது சுலபம்: காலி செய்து, நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திரும்பப் போடுங்கள்.

பெட் பாட்டில் இந்தியாவில் 90 சதவீதம் மீள்கிறது என்று அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் பெயரில் 2017-ல் வெளியான எண் அது. அதன் உட்பிரிவைப் பாருங்கள்: பதிவு பெற்ற ஆலைகளில் 65, அமைப்புசாராத் துறையில் 15, வீட்டிலேயே மறுபயன்பாடு 10. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பாட்டிலும் அந்த 90-க்குள் இருக்கிறது. அது என்றைக்காவது குப்பைக்கு வரத்தான் போகிறது. எண் பொய்யில்லை, அதற்கு வைத்த பெயர் பொருந்தவில்லை.

பால் கவர் நல்ல பாலிதீன். சுத்தமாகக் கிடைத்தால் அதற்கு எப்போதும் வாங்குபவர் உண்டு. அச்சு மை இருப்பதால் பெரும்பாலும் கறுப்புக் குருணையாகிக் குழாய்க்கும் கறுப்புத் தார்ப்பாய்க்கும் போகும். கழுவாமல் போட்டால் உள்ளே ஒட்டிய பாலின் கொழுப்பு ஒரே நாளில் புளித்து நாறும், புழு வைக்கும், பிரிக்கும் பெண்கள் கை வைக்க முடியாது. பால் ஊற்றிய கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் மாட்டுங்கள். இன்னொன்று: மூலையைக் கத்தரிக்கும்போது அந்த முக்கோணத் துணுக்கை முழுதாக வெட்டி எடுக்காதீர்கள். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டினால் போதும். துணுக்கு எந்தச் சல்லடையிலும் நிற்காது. மக்கும் குப்பையில் விழுந்து உரத்தில் வந்து நிற்கும். ஒரு ஊரில் தினமும் எத்தனை ஆயிரம் துணுக்குகள் என்று எண்ணிப் பாருங்கள்.

சிப்ஸ் பொட்டலம், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே ஆகியவை வேறு சாதி. ஒரு முடி கனத்தில் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக், நடுவே அலுமினியப் பூச்சு, பசை, மை. பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு முன்னால் கிடைப்பது ஒன்றுமில்லை. இவற்றை மூட்டை கட்டி சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே நிலக்கரிக்குப் பதில் எரிகிறது. திறந்த வெளியில் கொளுத்துவதைவிடவும் கிடங்கில் புதைப்பதைவிடவும் மேல், அதை எதிர்க்கவில்லை. அதை மறுசுழற்சி என்று எழுதுவதைத்தான் எதிர்க்கிறோம். எரிந்த பொருள் மீண்டும் பொருளாக வருவதில்லை. 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கின்றன. கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 2024-25-ல் 50 சதவீதம் மறுசுழற்சி இலக்கு, 2027-28-ல் 80. பல அடுக்கு உறைக்கு 30-ல் தொடங்கி 60. உற்பத்தியாளர் மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கி இலக்கைக் காட்டலாம். 2023-ல் மத்திய வாரியத்தின் தணிக்கையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. எடைச் சீட்டு இல்லாத கணக்குக்கு இதுதான் கதி.

தெர்மாகோல் பெரும்பகுதி காற்றுதான். லாரி நிறைய ஏற்றினாலும் சில நூறு கிலோ தேறாது. உள்ளூரிலேயே அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் விகிதம் சுழியம்தான்.

காகிதத்தைப் பொறுத்தவரை ஆலை பார்ப்பது இரண்டு: ஈரம், எண்ணெய். காகிதம் காற்றில் இயல்பாகவே கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையைக் கழிப்பார்கள். மழைக்காலத்தில் தார்ப்பாய் இல்லாத வண்டியில் வந்த அட்டை நான்கு நாள் கட்டிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து இழை பலமிழக்கும். அப்போது கழிப்பு இல்லை, வண்டியே திரும்பிவிடும். பிரியாணி கட்டிய காகிதம், எண்ணெய் ஊறிய பஜ்ஜிக் காகிதம் கூழாக்கும் தொட்டியில் கரையாது. புதுத் தாளில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புள்ளியாக வரும். அது மக்கும் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஸ்டேப்ளர் பின்னை எல்லோரும் உட்கார்ந்து பிடுங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை, ஆலையிலேயே இரும்பு வேறாகிவிடும். பிடுங்க வேண்டியது அட்டைப்பெட்டியில் ஒட்டிய பிளாஸ்டிக் டேப். டீக்கடையின் காகிதக் கப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடையில் உள்ள 14 வகைகளில் அதுவும் ஒன்று. அதைக் காகிதக் கட்டில் சேர்க்காதீர்கள். காகித இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்று தாங்கும். அதனால் நோட்டுத்தாளை அட்டையோடு கலக்காமல் தனியாக விற்றால் விலையும் கூடும், இழைக்கும் ஆயுள் கூடும்.

இரும்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காந்தம் பிரித்துவிடும், வாங்க ஆள் உண்டு. அலுமினியத் தாளைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டால் உலையில் உருகுமுன் எரிந்து சாம்பலாகும். ஒரு கைப்பிடி உருண்டையாகச் சேர்த்துப் போடுங்கள்.

நம் ஊர்க் குப்பையில் பாதி அல்லது அதற்கு மேல் மக்கும் குப்பை. மொத்த விகிதத்தை உண்மையில் ஏற்றி இறக்குவது அதுதான். 1,000 கிலோ காய்கறிக் கழிவு உரமாகும்போது தண்ணீரும் கரியமில வாயுவுமாய்ப் பெரும்பகுதி போய் 150 முதல் 250 கிலோ உரம்தான் நிற்கும். வெளியே வந்த உரத்தின் எடையை வைத்துக் கணக்கிட்டால் நன்றாக வேலை செய்த மையமும் தோற்றதாகத் தெரியும். உள்ளே போன எடையை அப்படியே எடுத்தால், பாதிக் கல்லும் கவருமாய் வந்ததையும் வெற்றியாகக் காட்டலாம். சரியான முறை: உள்ளே போன எடையிலிருந்து பொறுக்கி எறிந்ததைக் கழியுங்கள், உரம் உண்மையில் நிலத்துக்குப் போயிருந்தால் மட்டும் எண்ணுங்கள். மையத்தின் பின்புறம் மலையாய்க் கிடக்கும் உரம் மறுசுழற்சி ஆகாது.

உரம் ஏன் விற்பதில்லை என்பதற்கும் பிரிப்பில்தான் விடை. ஈரம் 50-60 சதவீதம் இருக்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு மட்டும் வர வேண்டும், ஒழுகினால் தேங்காய் நார்த்தூளோ காய்ந்த சருகோ சேர்க்க வேண்டும். குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் குறைந்தது மூன்று நாள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். வாரம் ஒருமுறை கிளறி, 45 முதல் 60 நாள் விட்டு, 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமும் காட்மியம் 5 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. வீட்டில் ஒரே வாளியில் போட்ட பெயின்ட் டப்பாவும் பழைய பேட்டரி செல்லும் இந்த அளவை மீறச் செய்துவிடும். பிறகு எவ்வளவு சலித்தாலும் ஈயம் சல்லடையில் நிற்காது.

பேச்சுக்கு ஒரு பேரூராட்சியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். நாளுக்கு 10 டன். மக்கும் குப்பை 6, உலர் குப்பை 2.5, மண்ணும் தூசும் மற்றவையும் 1.5. உரக்கூடத்துக்குப் போனது 4 டன், அதில் பொறுக்கி எறிந்தது அரை டன். உலர் குப்பையில் ஆலைகளுக்கு விற்றது 0.8 டன், ஆலை தள்ளியது 0.15. சிமென்ட் ஆலைக்கு 0.7. அறிக்கையில் 4, 0.8, 0.7 மூன்றையும் கூட்டி 55 சதவீதம் என்று எழுதிவிடலாம். கழிக்க வேண்டியதைக் கழித்து, எரித்ததை விலக்கினால் 4.15 டன், அதாவது 41.5 சதவீதம். உலர் குப்பையை மட்டும் பார்த்தால் 2.5-ல் 0.65, 26 சதவீதம். ஒரே ஊர், ஒரே நாள், மூன்று எண். தலைவர் முதல் எண்ணைச் சொல்வார்; வேலை செய்ய மூன்றாவது எண் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதே குழப்பத்தை அனுபவித்துத்தான் 2019-ல் அளவிடும் இடத்தையே சட்டத்தில் எழுதியது. பிளாஸ்டிக்கை வகை பிரித்துக் கழுவி, உருக்கும் இயந்திரத்துக்குள் போகும் வாசலில் எடை. கண்ணாடிக்கு உலை வாசல். காகிதத்துக்குக் கூழாக்கும் தொட்டி வாசல். சேகரித்த எடையையும் பேல் எடையையும் மறுசுழற்சி என்று எழுத முடியாது. இலக்கும் அங்கே பொருள்வாரியாகத்தான்: உறைப் பொருள்களில் 2025-க்கு பிளாஸ்டிக் 50, கண்ணாடி 70, காகிதமும் அட்டையும் 75, இரும்பு 70, அலுமினியம் 50 சதவீதம்.

இங்கே இதைச் செய்யப் பெரிய செலவில்லை. விகிதத்தின் கீழே வரும் எண், அதாவது மொத்தம் எவ்வளவு உருவாகிறது என்பதற்கு, ஏழு நாள் தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். இறைச்சிக் கடை ஞாயிறு ஒரு மாதிரி, வேலை நாள் ஒரு மாதிரி; ஒரே நாளை வைத்து ஆண்டு முழுவதையும் சொல்லக் கூடாது. கோடையில் ஒரு வாரம், மழைக்காலத்தில் ஒரு வாரம். ஆயுத பூஜை, பொங்கல் வாரங்களைத் தவிர்த்து, வேண்டுமானால் அவற்றுக்குத் தனியாக எடுங்கள். வீடுகள், கடைவீதி, ஓட்டல், சந்தை எல்லாவற்றிலிருந்தும் வந்த வண்டிகளில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகக் கலந்து கூம்பாகக் குவியுங்கள். உச்சியைத் தட்டித் தட்டையாக்கி, நான்கு கால் பாகமாகக் கோடு போட்டு, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை விலக்குங்கள். மிச்சத்தை மறுபடி கலந்து குவித்து, சுமார் 100 கிலோ ஆகும்வரை இதையே செய்யுங்கள். பிறகு பிரித்து, வாளி வாளியாக எடை போடுங்கள். வெறும் வாளியின் எடையை முன்பே எழுதி வைக்க வேண்டும். பாதிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள். காகிதத்திலும் துணியிலும் ஊறிய ஈரத்தைக் கணக்கிட ஒரு கிலோ மாதிரியை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பார் குடித்த அட்டை இரட்டை எடை காட்டும். பிரிப்பவர்களுக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, கனத்த காலணி, தடுப்பூசி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஊசியும் பிளேடும் இல்லாத குவியல் இல்லை.

விகிதத்தின் மேலே வரும் எண், அதாவது எவ்வளவு மீண்டது என்பதற்கு ஆலையின் எடைச் சீட்டு போதும். ஏற்றிய வண்டி எடை, வெறும் வண்டி எடை, ஈரத்துக்குக் கழித்தது, தள்ளியது, பணம் கொடுத்த நிகர எடை ஐந்தும் அதில் இருக்கின்றன. பணம் வந்த எடைதான் உண்மையான எடை. பழைய கிடங்குகளைத் தோண்டிச் சலிக்கும்போது வருகிற மண்ணையும் எரிபொருளையும் இந்த ஆண்டு விகிதத்தில் சேர்க்காதீர்கள். அது வேறு ஆண்டுகளின் குப்பை. திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துணி போன்ற தொழிற்சாலை மிச்சமும் அப்படியே. அது நன்றாக மீள்கிறது, ஆனால் வீட்டுப் பழந்துணியின் கணக்கு அல்ல.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ஒரே சதவீதத்தைச் சொன்னால் மூன்றைக் கேளுங்கள்: பெட், பால் கவர், பல அடுக்கு உறை, கண்ணாடி, அட்டை, மக்கும் குப்பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு, எடை எந்த வாசலில் போட்டது, சிமென்ட் ஆலைக்குப் போனது இதில் சேர்ந்ததா. பதிலைக் கிடைத்தபடியே பட்டியலாக அச்சிடுங்கள். எண் கிடைக்காத பொருளுக்கு நேரே கோடு போட்டுக் காலியாக விடுங்கள். அடுத்த ஆண்டு அதே கட்டத்தைக் காட்டி மறுபடி கேட்கலாம்.

இப்படிக்கு,
உலர் கழிவுப் பிரிப்பிலும் எடைக் கணக்கிலும் பணிபுரிவோர்,
கோயம்புத்தூர்